ஸ்டென்சில் தாளிலிருந்து கற்றல் தளம் வரை: சிங்கப்பூர்த் தமிழாசிரியர் கணினி கற்ற வரலாறு



பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் தமிழாசிரியர்களை நோக்கித் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. "கணினியில் தமிழ் படிப்பதால் பிள்ளைக்குத் தமிழ் வருமா, அல்லது கணினிதான் வருமா?" என்பதே அது. ஆசிரியப் பயிற்சியில் புதிதாகச் சேரும் இளையர்களும் இதே வினாவை வேறு வடிவில் கேட்கின்றனர். "இத்தனை மின்னியல் கருவிகளைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்களே, இவற்றுள் எது தமிழைக் கற்பிக்க உதவும்?" என்கின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட வேண்டுமானால், சிங்கப்பூரில் தமிழாசிரியர்கள் கணினியைக் கற்றுக்கொண்ட கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கதையில் ஆசிரியர்கள் கருவியைப் பயன்படுத்தியவர்களாக மட்டும் வரவில்லை. கருவியைச் செய்தவர்களாகவும் வருகின்றனர். இதனை நம் பிள்ளைகளும் இளைய ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டச்சுப் பொறியும் கையெழுத்தும்

தமிழை இயந்திரத்தில் ஏற்றும் முயற்சி கணினிக்கு மிக முந்தியது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். ஆங்கிலத்தில் கடிதங்கள் மளமளவென்று அச்சாகி வெளிவரும் அலுவலகத்தில் அமர்ந்திருந்த அவருக்கு, தமிழுக்கும் அவ்வாறு ஒரு பொறி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. தமிழ் எழுத்துகளோ 247. பொறியில் உள்ள விசைகளோ சில பத்துகள். இந்தச் சிக்கலைத் தீர்க்க அவர் எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். கொம்பு, கால், சுழி ஆகியவற்றுக்குத் தனித்தனி விசைகள் தந்தார். மேல் விலங்கு போன்ற குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும் 'நகரா விசை'களையும் அமைத்தார்.

அந்தப் பொறியில் 'கொ' என்று எழுத, முதலில் கொம்பு, அடுத்து 'க', அதன்பின் கால் என்று மூன்று விசைகளை அடிக்க வேண்டும். கையால் எழுதும் வரிசையும் இதுவேதான். எனவே தட்டச்சுப் பொறி தமிழின் வரிவடிவத்தைப் பின்பற்றிய கருவி என்று சொல்லலாம். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பெரிய மாற்றத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. சிங்கப்பூரும் மலேசியாவும் இம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டன. ஆசிரியர்களுக்கு அது மறுபயிற்சிக் காலம். பழைய வடிவத்தில் படித்தவர்கள் புதிய வடிவத்தில் கற்பிக்க வேண்டியிருந்தது. அந்நாளில் பயிற்சித்தாள் என்றால் ஸ்டென்சில் தாளில் எழுதி, சைக்ளோஸ்டைல் பொறியில் உருட்டி எடுப்பதுதான். விரலில் மை படியாத தமிழாசிரியர் இருந்திருக்க மாட்டார்.

பள்ளிகள் மறைந்தன, பாடம் நின்றது

இக்காலத்தில் தமிழ்க் கல்வியின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளி அதுவே. அதன் பெயர் இன்று, சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்று மொழியானது. தமிழ் ஒரு பாடமாக நின்றது.

இதன் விளைவு பெரிது. முன்பு மாணவன் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்தான். இப்பொழுது தமிழைத் தமிழ்ப் பாட வேளையில் மட்டும் கேட்கிறான். அதே மாணவன் கணினியை முதன்முதலில் தொட்டபொழுது, அது ஆங்கிலம் மட்டுமே பேசியது. கணினியில் இல்லாத மொழி பழைய மொழி, பயனற்ற மொழி என்று ஒரு குழந்தை எண்ணிவிடக்கூடும் அல்லவா? அந்த அச்சம் தொண்ணூறுகளில் தமிழாசிரியர் பலருக்கும் இருந்தது. அதற்குச் செயலால் விடை சொன்னவர் ஓர் ஆசிரியர்.

நா. கோவிந்தசாமி என்னும் ஆசிரியர்

நா. கோவிந்தசாமி 1946இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக உயர்ந்தவர். சிறுகதை எழுத்தாளர். 1977இல் 'இலக்கியக் களம்' என்ற அமைப்பை உருவாக்கிச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தரத்தைப் பற்றித் துணிந்து பேச வைத்தவர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். கணினிப் பொறியாளராகப் பயிற்சி பெற்றவர் அல்லர். இருப்பினும் தமிழுக்கென்று ஒரு விசைப்பலகையையும் எழுத்துருக்களையும் உருவாக்கும் வேலையில் இறங்கினார். தம் படைப்புக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். கணிப்பவன் என்னும் பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல் அது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடக்கி வைத்தார். 1984 முதல் 1995 வரை எழுதப்பட்ட கவிதைகள் அதில் இடம்பெற்றன. ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் திரையில் தோன்றியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் இருந்த டான் டின் வீ முதலிய அறிவியலாளர்களோடு நா. கோவிந்தசாமி இணைந்து செய்த வேலை அது. தமிழ் இணையத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது. எண்ணிப் பாருங்கள்: மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கினராகத் தமிழர் வாழும் இத்தீவில், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஒருவர் கைவைத்த வேலை அது.

1997ஆம் ஆண்டு மே 17, 18 ஆகிய நாள்களில் 'தமிழ்நெட் 97' மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. அதன் பயனாக அவ்வாண்டே 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அதே 1999ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் நா. கோவிந்தசாமி மறைந்தார். அகவை 53. 2000 சூலையில் தமிழ் இணைய மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

கையின் வரிசையும் வாயின் வரிசையும்

விசைப்பலகையைப் பற்றி ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

தமிழின் முதலெழுத்துகள் 30. உயிர் 12, மெய் 18. இது தொல்காப்பியர் காலத்துக் கணக்கு. 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் தேவையில்லை. 30 முதலெழுத்துகளும் ஆய்தமும் சேர்ந்து 31 விசைகள் போதும். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அழுத்தினால் உயிர்மெய்யைக் கணினி தானே அமைத்துக்கொள்ளும். கணியனும் தமிழ்99உம் இந்த ஒலியியல் அடிப்படையில் எழுந்தவை. தமிழ்99இல் உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'க' என்ற விசையை அழுத்தி, 'ஒ' என்ற விசையை அழுத்தினால் 'கொ' தோன்றும். 'க' விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' என்று புள்ளி தானாக வந்தமரும்.

தட்டச்சுப் பொறியில் கொம்பு முதலில் வந்தது. அது கையின் வரிசை. இங்கே மெய் முதலிலும் உயிர் அடுத்தும் வருகின்றன. இது வாயின் வரிசை. தொடக்கநிலை இரண்டில் 'கொ'வையும் 'கெ'வையும் குழப்பிக்கொள்ளும் குழந்தைக்கு, க் + ஒ என்று விரலால் அழுத்திக் காட்டுவது நல்லதொரு இலக்கணப் பாடம். கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் நாம் காட்ட முயன்றதையே அந்த விசைப்பலகை ஒவ்வோர் அழுத்தத்திலும் காட்டுகிறது.

இதற்கு மாறாக, ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழை உள்ளிடும் முறையும் பரவியது. கற்க எளிது, ஐந்து நிமிடத்தில் எழுதத் தொடங்கிவிடலாம். ஆனால் ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும், ர, ற இரண்டும் அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடுகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. தமிழ் நன்கு அறிந்த பெரியவருக்கு இதனால் தீங்கில்லை. தமிழ் எழுத்துகளை இன்னும் உறுதியாகக் கற்காத எட்டு வயதுக் குழந்தையோ, 'அம்மா' என்ற சொல்லைக்கூட ஆங்கில எழுத்துக்கூட்டலாக மனத்தில் பதித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எந்தக் கருவி எளிது என்ற வினாவோடு, எந்தக் கருவி எதைக் கற்பிக்கிறது என்ற வினாவையும் ஆசிரியர் கேட்க வேண்டும்.

பெருந்திட்டமும் பயிற்சி ஆசிரியரும்

1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. இரண்டு மாணவர்க்கு ஒரு கணினி. பாடவேளையில் 30 விழுக்காடு தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு நடத்தப்பட வேண்டும் என்ற இலக்குகள் வகுக்கப்பட்டன. இரண்டாம் பெருந்திட்டம் 2003இலும் மூன்றாவது 2009இலும் தொடர்ந்தன. 30 விழுக்காடு என்ற இலக்கு கணக்குக்கும் அறிவியலுக்கும் எளிதாக இருந்தது. ஆயத்த மென்பொருள்கள் ஆங்கிலத்தில் குவிந்து கிடந்தன. தமிழாசிரியருக்கோ, வேண்டியதைத் தாமே செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நான் பயிற்சி பெற்றது இந்தச் சூழலில்தான். தேசியக் கல்விக் கழகம் 2000ஆம் ஆண்டு புக்கிட் தீமாவிலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம் மாறியிருந்தது. நா. கோவிந்தசாமியிடம் நேரில் பயிலும் பேறு எங்கள் அணிக்குக் கிட்டவில்லை. அவர் எழுப்பிய வினாக்களோ எங்களைச் சுற்றியே இருந்தன.

அன்று எங்களுக்கு நேர்ந்த முதல் தொல்லை எழுத்துரு. டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் பல. செய்தித்தாள்களும் மென்பொருள்களும் தத்தமக்கென வைத்திருந்த எழுத்துருக்கள் வேறு. வீட்டில் இரவெல்லாம் அமர்ந்து உருவாக்கிய பயிற்சித்தாளை மறுநாள் வேறொரு கணினியில் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும். அதனால் ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்வட்டில் சுமந்து திரிந்தோம். "உங்களிடம் என்ன எழுத்துரு இருக்கிறது?" என்பதே தமிழ் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் நலவிசாரிப்பாக இருந்தது.

இரண்டாவது தொல்லை படம். பாடத்தில் வெற்றிலை, மருக்கொழுந்து, பூச்சரம் என்று வரும். எந்தப் பட வட்டிலும் அவை இருக்கமாட்டா. ஆகவே இலக்கமுறைக் கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, நண்பர்கள் சிலர் சேர்ந்து லிட்டில் இந்தியாவுக்குச் சென்றோம். தேக்கா சந்தையில் முருங்கைக்காய்க் கட்டு, காம்பல் லேனில் மல்லிகைச் சரம் தொடுக்கும் கைகள், பஃபலோ சாலையின் பெயர்ப்பலகை ஆகியவற்றைப் படம் பிடித்தோம். அந்தப் பெயர்ப்பலகை ஒரு வரலாற்றுப் பாடமாகவே மாறியது. பஃபலோ சாலை, அருகிலுள்ள கெர்பாவ் சாலை இரண்டும் எருமையைக் குறிக்கும் பெயர்கள். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் கால்நடைத் தொழில் நடந்ததன் அடையாளம் அது. ஜூரோங்கிலும் உட்லண்ட்ஸிலும் வளரும் பிள்ளைகள் அப்படத்தைத் திரையில் கண்டபோது கேட்ட கேள்விகள், பாடநூலின் பயிற்சி வினாக்களைவிட உயிருள்ளவையாக இருந்தன. படவில்லைகளை அமைக்க எங்களுக்குக் கற்றுத்தந்தது மென்பொருள் வகுப்பு. எதைப் படமாக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தந்தது சிராங்கூன் சாலை.

கருவியைக் கற்பதில் நான் கண்ட உண்மை இதுதான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக் கற்க ஒரு பிற்பகல் போதும். எந்தப் பாடத்தில் அதை அழுத்தாமல் விடவேண்டும் என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆகும்.

ஒருங்குறியும் கைப்பேசியும்

எழுத்துருத் தொல்லைக்கு ஒருங்குறி விடை தந்தது. 1991இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே பொதுமக்களின் கணினிகளில் அது இயல்பாகத் தெரியத் தொடங்கியது. பள்ளிகளில் பழைய எழுத்துருக் கோப்புகள் மறைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. 2005ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. 2011இல் '.சிங்கப்பூர்' என்ற இணைய முகவரி நீட்சி தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றது. 2015இல், சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை மின்வடிவாக்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் தேசிய நூலகத்தின் வழியே பொதுமக்களைச் சென்றடைந்தது. தன்னார்வத்தால் எழுந்த அம்முயற்சியால், நம் ஊர்க் கதையொன்றை வகுப்பில் திரையிட்டுப் படிக்க இன்று எந்தத் தடையும் இல்லை.

கருவிகள் பெருகிய இதே காலத்தில் வீட்டுத் தமிழ் குறைந்தது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர் இந்தியர்களுள் 42.9 விழுக்காட்டினர் வீட்டில் தமிழையே அதிகம் பேசினர். 2010இல் அது 36.7 விழுக்காடாகக் குறைந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினி தமிழைக் காப்பாற்றிவிடும் என்று கைகட்டி இருந்தவர்களுக்கு இந்த எண்களே விடை. கணினியால்தான் தமிழ் குறைந்தது என்று சொல்வோருக்கும் இவை சான்றாகா. வீட்டில் நாம் எந்த மொழியில் சோறு பரிமாறுகிறோம் என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை.

2020: வகுப்பறை வரவேற்பறைக்கு வந்தது

2018இல் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் பள்ளிகள் அனைத்துக்கும் கிடைத்தது. 2020 ஏப்ரல் 8ஆம் நாள், கொவிட் தொற்றின் காரணமாகப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கற்றவற்றை ஒரே வாரத்தில் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

அந்த வாரங்களில் பெற்றோர் பலர் முதன்முறையாகத் தம் பிள்ளையின் தமிழ்ப் பாடத்தைக் காதால் கேட்டனர். சில வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் அருகில் வந்து அமர்ந்தனர். நான் கொடுத்த எளிய வேலை ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டு, இரண்டு நிமிடக் குரற்பதிவாக அனுப்ப வேண்டும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவி ஒருத்தி நான்கு நிமிடம் பேசி அனுப்பியிருந்தாள். பாதிப் பதிவில் பாட்டியின் குரல் குறுக்கிட்டு, "அப்படிச் சொல்லாதே தங்கம், பள்ளிக்கூடம்னு சொல்லு" என்று திருத்துகிறது. எந்த மென்பொருளும் தராத திருத்தம் அது. ஆனால் அந்தக் குரல் என்னை வந்தடையக் காரணம் ஒரு மென்பொருள்தான்.

பயிற்சி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இன்று செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தருகிறது, எழுத்தை ஒலியாக்குகிறது, ஒலியை எழுத்தாக்குகிறது. நாளை வேறொன்று வரும். இவற்றின் முன் நிற்கும் இளைய ஆசிரியர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து மூன்று வினாக்களை எடுத்துத் தருகிறேன்.

ஒன்று: இக்கருவி தமிழின் அமைப்பை மாணவனுக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா? விசைப்பலகைக்குக் கேட்ட அதே வினா, தானே பிழைதிருத்தும் மென்பொருளுக்கும் பொருந்தும். பிழை ஏன் பிழையாயிற்று என்று மாணவன் அறியாவிட்டால், திருத்தம் கருவிக்கு மட்டுமே சொந்தம்.

இரண்டு: இக்கருவியால் மாணவன் பேசுவது கூடுகிறதா? வீட்டில் தமிழ் ஒலிக்காத பிள்ளைக்கு, பார்த்துக்கொண்டே இருக்கும் காணொளியைவிட, பேசிப் பதிவுசெய்யும் ஒரு நிமிடம் பயன் மிக்கது.

மூன்று: நமக்கு வேண்டியது இல்லையென்றால், நாமே செய்துகொள்ள முடியுமா? முத்தையா எழுத்தராக இருந்தவர். கோவிந்தசாமி ஆசிரியர். யாரேனும் செய்து தரட்டும் என்று இருவரும் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தமிழ் பிறமொழியின் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

பெற்றோர்களே, தொடக்கத்தில் சொன்ன வினாவுக்கு என் விடை இது. கணினியால் தமிழ் வரும். ஆனால் தனியாக வராது. கற்றல் தளத்தில் பிள்ளை தமிழ்க் கதையொன்றைத் திறக்கும்போது, ஐந்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து, "இது என்ன கதை? எனக்கும் சொல்" என்று தமிழில் கேளுங்கள். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் குறையில்லை. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை தமிழில் சொல்லும். வகுப்பறையில் எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். அந்த ஐந்து நிமிடம் உங்களுடையது.